டீப்பூவுக்கு ஒரு சாட்சி

நம் பிள்ளைகள் வாங்கும் புது வீடுகளின் சுவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? நம் காலத்துக் கூடத்தில் சாமி படம் இருக்கும், மாலை போட்ட பெரியவர்கள் இருப்பார்கள், ஜவுளிக்கடைக் காலண்டர் ஒன்று, லாரி வாங்கிய அன்று அதன் முன்னால் நின்று எடுத்த போட்டோ ஒன்று. இப்போது சாமி பூஜை அலமாரியைவிட்டு வெளியே வருவதில்லை. கூடத்தில் இலையும் தழையும் தொங்குகின்றன. குறை சொல்லவில்லை. என் வயதில் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. பார்த்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

சேலத்தில் என் மகன் அடுக்குமாடி வீடு ஒன்று வாங்கினான். பால் காய்ச்சுவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே நான் போய்விட்டேன். மருமகள் சோபாவுக்கு மேலே மூன்று படங்கள் மாட்டியிருந்தாள். வெள்ளைக்காரர் காலத்தில் செடிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்த படங்களாம். அவற்றை நகலெடுத்து, சட்டம் போட்டு விற்கிறார்களாம். போனில் பார்த்து வரவழைத்திருக்கிறாள். ஒன்று மிளகு, ஒன்று காப்பி, நடுவில் இருந்தது தேயிலை.

நடுவில் இருந்ததையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் வளைந்த ஒரு கிளை. ஓரத்தில் ரம்பப் பல் வைத்த இலைகள். கவிழ்ந்த வெள்ளைப் பூ, அதன் நடுவில் மஞ்சள் மஞ்சளாய்க் கேசரங்கள். கீழே ஓர் ஓரத்தில் பிளந்து காட்டிய காய், அதற்குள் மூன்று விதை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொடி எண். அடியில் சாய்வெழுத்தில் செடியின் பெயர். பழசாகத் தெரிய வேண்டும் என்று மஞ்சள் கறையையும் சேர்த்தே அச்சடித்திருந்தார்கள்.

"நல்லா இருக்குதுங்களா அத்தை?" என்றாள் மருமகள்.

"நல்லா இருக்குது" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் எனக்குப் பழக்கம் அதிகம்.

அதே படத்தை நான் ஒன்பது வயதில் பார்த்திருக்கிறேன். அதே படம்தான் என்று கற்பூரம் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்று விதையும் அந்தக் கவிழ்ந்த பூவும் எனக்குத் தெரியும்.

அப்போது நாங்கள் ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் ஓரத்துத் தோட்டத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கரும்பு. ஆலைக் கொட்டாயில் வெல்லம் காய்ச்சும் நாட்களில் வீட்டுச் சுவரைத் தொட்டால்கூடக் கை பிசுபிசுக்கும். ஈ மொய்க்காத சாமான் ஒன்று இருந்தது என்றால் அது டீப்பெட்டி. நம்மில் பலர் வீட்டில் அது இருந்திருக்கும். ஒட்டுப்பலகைப் பெட்டி, விளிம்பெல்லாம் தகரப் பட்டை அடித்தது, உள்ளே வெள்ளியாட்டம் மின்னுகிற ஈயத்தாள். அம்மாவின் தம்பி, அதாவது எங்கள் மாமா, லாரி ஓட்டினார். நீலகிரிக்குப் போய் டீத்தூள் லோடு ஏற்றி வருவார். அங்கே உடைந்து போன பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து அம்மாவுக்குக் கொடுத்தார். என் பாவாடையும் அக்காவின் தாவணியும் அதற்குள்தான் இருந்தன. பள்ளிக்கூடம் போனால் என் மேலே டீத்தூள் வாசம் அடிக்கிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள். வீட்டில் எங்களுக்கு டீ கிடையாது. பிள்ளைகள் டீ குடித்தால் கறுத்துப்போவார்கள் என்று அம்மா மோர்தான் கொடுப்பாள்.

அக்கா அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியிருந்தாள். என்னைவிட ஏழு வயது மூத்தவள். படம் வரைந்தால் செம்பருத்தி காகிதத்தில் பூத்துக் கிடக்கும். பள்ளியில் சயின்ஸ் டீச்சருக்கு அவள்மேல் பிரியம். டீச்சர் தெற்கத்திக்காரர். தனியாக வாடகைக்கு இருந்தார். அவர் குடியிருந்த தெருவில் நாங்கள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. ஏன் என்று அப்போது கேட்டதில்லை. இப்போது கேட்டால் நம்மிடமே நல்ல பதில் இல்லை. சித்தப்பா மகன் ஒருமுறை விளையாட்டுக்குப் போன இடத்தில் அந்தத் தெருவில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டான். அதற்கு அப்பா அவனைப் புளிய விளாறால் அடித்ததை நான் பார்த்திருந்தேன். பசும் விளாறு. முதுகில் வரி வரியாய் எழும்பி, இரண்டு நாள் குப்புறப் படுத்துக் கிடந்தான். அந்த விளாறு எங்கள் வாசற்படி நிலைக்கு மேலே செருகியிருக்கும். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் எல்லோரும் அதன் அடியில்தான் நடந்தோம்.

பரீட்சை முடிந்த வாரம் டீச்சருக்கு மாற்றல் வந்துவிட்டது. வீட்டைக் காலி செய்யும்முன் ஒருமுறை வந்து போ என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். பெண்பிள்ளை தனியாகப் போக முடியாது. தையற்காரரிடம் ஜாக்கெட் கொடுத்துவிட்டு வருகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, அக்கா என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

டீச்சர் வீட்டில் பாதிச் சாமான் சணல் கயிறு போட்டுக் கட்டியாகிவிட்டது. பாயில் உட்காரச் சொன்னார். சமையலறையிலிருந்து இரண்டு கண்ணாடி டம்ளரில் டீ வந்தது. ஏலக்காய் தட்டிப் போட்ட வாசம். "குடிங்க பிள்ளைகளா, ஆறிரும்" என்றார்.

அக்கா எழுந்து நின்றுகொண்டு, "வேண்டாங்க டீச்சர். இப்பத்தான் ஊட்டுல குடிச்சுட்டு வந்தோம்" என்றாள்.

பொய் என்று மூன்று பேருக்கும் தெரியும். டீச்சர் அக்காவின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு என்று எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது. அதற்குள் நான் என் டம்ளரை எடுத்துப் பாதி குடித்துவிட்டேன். அக்கா என் தொடையைக் கிள்ளினாள். நான் விடவில்லை. டீச்சர் அக்காவுக்கு வைத்த டம்ளரையும் என் பக்கம் நகர்த்தினார். அதையும் குடித்தேன்.

பிறகுதான் படத்தை எடுத்தார். அட்டை போன பழைய புத்தகம் ஒன்றிலிருந்து தனியாக வந்துவிட்ட பக்கம். "இது என்ன செடி, சொல்லு" என்று அக்காவைக் கேட்டார். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்றாள்.

"டீச்செடி" என்றார் டீச்சர். "தோட்டத்துல இந்தப் பூவை லேசுல பார்க்க முடியாது. கொழுந்தைக் கிள்ளிக்கிட்டே இருப்பாங்க, உசரமா வளரவும் விட மாட்டாங்க. சும்மா விட்டா மரமா வளர்ந்து பூக்கும். நீ ட்ரெயினிங் முடிச்சு வேலைக்குப் போனதும் உன் வகுப்புல மாட்டிக்கோ."

டீச்சர் ட்ரெயினிங் போவதாக அக்கா அவரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அப்பாவிடம் ரிசல்ட் வந்த பிறகு கேட்கலாம் என்று வைத்திருந்தாள்.

திரும்பி வரும் வழியில் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வாயில் ஏலக்காய் வாசம் போகவே இல்லை. வாய்க்காலில் இறங்கி மூன்று தடவை கொப்பளித்தேன். அக்கா என் தலைமேல் கை வைத்து, "நீ டீ குடிச்சத நா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் சாமி. சத்தியம்" என்றாள். படத்தை டீப்பெட்டிக்குள், ஈயத்தாளுக்கும் பலகைக்கும் நடுவில் செருகி வைத்தாள். அங்கே போனோம் என்று தெரியக் கூடாது, அதனால் படம் இருப்பதும் தெரியக் கூடாது. எங்கள் கணக்கு அவ்வளவுதான்.

சித்திரையில் மாரியம்மன் நோம்பி வந்தது. என் பட்டுப்பாவாடையை எடுக்க அம்மா பெட்டியைக் கிளறியபோது ஈயத்தாள் கிழிந்து படம் வெளியே வந்தது. வேறு ஒரு வீடாக இருந்தால் ஒரு செடிப் படத்துக்கு யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில், பதினாறு வயதுப் பெண் ஏதோ ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறாள் என்றால் அது என்ன என்பது முக்கியமில்லை, யார் கொடுத்தது என்பதுதான் முக்கியம். பள்ளிக்கூடம் போகும் வழியில் படத்துக்குச் சட்டம் போடும் கடை ஒன்று இருந்தது. அதில் ஓர் இளவட்டம் உட்கார்ந்திருப்பான். அம்மாவுக்கு முதலில் அவன் முகம்தான் தோன்றியிருக்கிறது. அவன் அக்காவை ஏறெடுத்துப் பார்த்தானோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

நோம்பிக்கு மாமா வந்திருந்தார். கூடத்தில் அப்பாவும் மாமாவும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தூணோரம் நின்றாள். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால். அப்பா கத்துகிற ஆள் இல்லை. படத்தை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டார்.

"யாரு குடுத்தா அம்மிணி?"

"சயின்ஸ் டீச்சருங்கப்பா."

"என்ன செடி இது?"

"டீச்செடிங்க."

அப்பா படத்தை மாமாவிடம் நீட்டினார். "மாப்ளே, நீதான் மலைக்குப் போறவன். டீச்செடி இப்படியா இருக்கும்?"

மாமா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கேட்டதற்குத் தெரிந்ததைச் சொன்னார். "இல்லீங் மச்சான். இத்தன வருசமா லோடு ஏத்தறேன். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் டீதான். இடுப்பு ஒசரத்துக்குப் பாய் விரிச்சாப்ல கெடக்கும். பூவுமில்ல, காயுமில்ல. இது பாத்தா கொய்யாப் பூவாட்டம் இருக்குது."

உண்மையிலேயே கொய்யாப் பூ மாதிரிதான் இருந்தது. எங்கள் கிணற்றடிக் கொய்யாவில் அப்படித்தான் பூக்கும். அம்மாகூட எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். மலைக்குப் போய் வந்தவர் சொல்லிவிட்டார், அப்புறம் என்ன. டீச்செடி என்றது பொய் என்றால் டீச்சர் கொடுத்தார் என்றதும் பொய். டீச்சரைக் கேட்கலாம் என்றால் அவர் ஊரைவிட்டுப் போய் இருபது நாள் ஆகியிருந்தது.

"எங்க வெச்சுக் குடுத்தாங்க?" என்றார் அப்பா.

"அவங்க ஊட்டுலீங்க."

"அந்தத் தெருவுக்கா போனே? தனியாவா?"

அக்கா வாய் திறக்கவில்லை. அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ கூடப் போனியா சாமி?"

எனக்கு எல்லாம் தெரியும். பூவைப் பற்றி டீச்சர் சொன்னது தெரியும், கிள்ளிக்கொண்டே இருந்தால் ஏன் பூக்காது என்று தெரியும். அந்தக் கூடத்தில் மாமாவுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் போனேன் என்றால் அடுத்த கேள்வி என்ன என்பதும் தெரியும். அந்த வீட்டில் என்ன வாங்கித் தின்றாய் என்று கேட்பார்கள். நான் நிலைக்கு மேலே பார்த்தேன். விளாறு செருகியிருந்தது.

"இல்லீங்கப்பா" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏன்டி பொய் சொல்றே" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அழுது எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவள் சத்தியம் செய்திருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது உனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், ஒன்றும் தோன்றவில்லை. விளாறு கீழே இறங்கவில்லை என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. அக்காவையும் யாரும் அடிக்கவில்லை. அன்று மதியம் கறிச்சோறு தின்றேன். ராட்டினம் ஏறினேன்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அதற்குப் பிறகு பேச எதுவும் இருக்கவில்லை. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்த வீட்டிலிருந்து முன்னமே பெண் கேட்டிருந்தார்கள். ரிசல்ட் வந்தபோது அக்காவுக்கு நல்ல மார்க். சீட்டை அப்பா வாங்கிப் பார்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ட்ரெயினிங் என்ற வார்த்தையை அக்கா எடுக்கவே இல்லை. ஆவணியில் கல்யாணம். தங்கைக்கும் புதுப் பட்டு எடுத்தார்கள். நான் அரக்குக் கலர்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன்.

படத்தை யாரும் கிழிக்கவில்லை. தடித்த தாள், வீணாகக் கூடாது என்று அம்மா அதைச் சமையலறை அலமாரியில், நல்லெண்ணெய்ச் சாடிக்கு அடியில், படம் கீழே போகும்படி விரித்துவிட்டாள். சாடி கசிந்துகொண்டே இருக்கும். எண்ணெய் ஊற ஊறத் தாள் கண்ணாடி மாதிரி ஆகி, பின்பக்கமாகவே இலை தெரிய ஆரம்பித்தது. அப்புறம் பூ தெரிந்தது. கடைசியில் மூன்று விதையும் தெரிந்தன. நான் ஒவ்வொரு தடவை எண்ணெய் எடுக்கப் போகும்போதும் அதைப் பார்ப்பேன். ஒரு பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அம்மா அதைச் சுருட்டி அடுப்பில் போட்டாள். எண்ணெய்த் தாள் என்பதால் சட்டென்று பிடித்துக்கொண்டது. டீப்பெட்டியும் பிறகு கோழிக்குஞ்சு அடைக்க அக்கா வீட்டுக்குப் போய், அங்கேயே கரையான் தின்று முடிந்தது.

நான் படித்தேன். ஒருவேளை அக்காவைப் படிக்க வைக்காத குறைக்கு என்னைப் படிக்க வைத்தார்களோ என்னவோ. ஒன்பதாம் வகுப்பில் சயின்ஸ் ரெக்கார்டு நோட்டுக்கு எனக்கு ஒரு கோடுகூட நேராக வராது. லீவில் நோட்டைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போவேன். முட்டை அடுக்கும் அறையில், அட்டைகளுக்கு நடுவில் சாக்கை விரித்து உட்கார்ந்து அக்கா வரைந்து தருவாள். இடுப்பில் கைப்பிள்ளை. விரலெல்லாம் தீவனத் தூசி, ஆனால் நோட்டில் ஒரு பொட்டுப் படாது. செம்பருத்தியின் குறுக்குவெட்டு, அவரை விதை, தவளையின் இதயம். எல்லாப் பக்கத்திலும் எனக்கு முழு மார்க். ஒருமுறை, "டீப்பூ வரைஞ்சு காட்டுக்கா" என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவளும் அந்தப் பேச்சை ஒருநாளும் எடுத்ததில்லை.

அவள் கஷ்டப்பட்டாள் என்று கதை கட்ட மாட்டேன். மாமியார் கொடுமை இல்லை, அத்தான் தங்கமான மனுஷன். ஒரு கொட்டகை நான்கு கொட்டகை ஆயிற்று. குஞ்சுகளுக்கு எந்தத் தேதியில் எந்தத் தடுப்பூசி என்று அவள் எழுதி வைத்த நோட்டைப் பார்த்துக் கால்நடை டாக்டரே ஆச்சரியப்பட்டாராம். நான் கிராமத்து பேங்கில் கிளார்க்காகச் சேர்ந்து, போன வருஷம் ரிட்டயர் ஆனேன். இத்தனை வருஷத்தில் அக்காவிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எத்தனையோ கல்யாணம், காது குத்து, சாவு வீடு கிடைத்தன. ஒன்றிலும் சொல்லவில்லை. வெட்கமா, பயமா என்றால் இரண்டும் இல்லை. அந்த இடம் மரத்துப்போய்விட்டது. கிள்ளினால் வலிக்காது. வலிக்காததை எதற்குத் தொட வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

பால் காய்ச்சும் நாள் வந்தது. அப்பாவும் அம்மாவும் இல்லை. அவர்களின் படத்தைப் பூஜை அலமாரிக்குள் வைத்திருந்தான் மகன். காலையிலேயே அக்கா நாமக்கல்லிலிருந்து வந்துவிட்டாள், ஒரு அட்டை முட்டையோடு. வெறுங்கையோடு வர அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் மாமாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். எண்பதை நெருங்குகிறார். நாற்காலியில் உட்கார வைத்தார்கள், சரியாக அந்தப் படங்களுக்கு நேர் எதிரில்.

பூஜை முடிந்து காகிதக் கப்பில் டீ வந்தது. மாமா இரண்டு கையாலும் கப்பைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். "நடுவால இருக்கறது என்ன செடி அம்மிணி?"

"டீச்செடிங்க தாத்தா" என்றாள் மருமகள்.

"டீயில ஏது பூவு?" என்றார் மாமா. அதே குரல், கொஞ்சம் கரகரத்திருந்தது, அவ்வளவுதான். "நா மலைக்கு லோடு ஏத்துனவன். பூவுமில்ல, காயுமில்ல. எவனோ கொய்யாவ வரைஞ்சு உன்ற தலையில கட்டிட்டான்."

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மருமகளும் சிரித்துக்கொண்டே, "அத்தை, நீங்களாவது சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்பினாள்.

அக்கா சன்னலோரம் நின்றிருந்தாள். படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றி, கீழ் ஓரத்தில் இருந்த விதைகளை எண்ணுவது போலத் தெரிந்தது. என்னை அவள் பார்க்கவில்லை.

"பூக்குமுங்க மாமா" என்றேன். எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. "கிள்ளிக்கிட்டே இருக்கறதால நமக்குத் தெரியாது. சும்மா உட்டா பூக்கும். டீச்சர் சொன்னாங்க. அக்காவுக்கு அந்தப் படத்தக் குடுத்தப்ப நானும் கூட இருந்தனுங்க. அன்னைக்கி அப்பா கேட்டப்ப நான் போகலன்னு சொன்னது பொய்யிங்க."

மாமா நெற்றியைச் சுருக்கி என்னைப் பார்த்தார். நடிப்பு இல்லை, நிஜமாகவே யோசித்தார்.

"எந்த டீச்சரு சாமி?" என்றார்.

சொன்னேன். தோட்டத்து வீடு, நோம்பி, டீப்பெட்டி, கட்டிலில் அப்பா. நீங்கள்கூடக் கொய்யாப் பூ என்றீர்களே என்றேன். அவர் தலையை இடமும் வலமும் ஆட்டினார். "நானா சொன்னேன்? நெனப்பில்லியே." பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், டீயில் சர்க்கரை போட்டுவிட்டார்கள், வேறு வாங்கி வா என்றார். தோட்டத்து வீட்டுக் கூடத்தில் அன்று இருந்தவர்களில், அந்த நினைப்போடு இனி அக்காவும் நானும்தான் மிச்சம்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். மாட்டிக்கொண்டாள். அப்புறம் மருமகளிடம், ஊர்ப் பேச்சு பேசுவது போலவே சொன்னாள்:

"இவ அந்தூட்டுல ரெண்டு டம்ளர் டீ குடிச்சா கண்ணு. ஏலக்கா போட்ட டீ. எனக்கு வெச்சதையும் சேத்து இவளே குடிச்சா."

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். என்னை அறியாமல் என் கண் வாசல் நிலைக்கு மேலே போயிற்று. அங்கே மாவிலைதான் கட்டியிருந்தது.